பள்ளியிலிருந்து செய்தி வந்து சேர்வதில்லையா? கடலூர், புதுச்சேரி தொடக்கப்பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு பாகூர் பக்கம் இருக்கிறது. மகன் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பும், மகள் புதுச்சேரி அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். மகளின் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினராக இருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு அரசுகளின் நாட்காட்டியும் இரண்டு விதமான பள்ளி நிர்வாகமும் நடப்பதால், அக்கம்பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவையாகவே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: பிள்ளையைப் பற்றி பெற்றோருக்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமையா, அல்லது அவர்கள் மனம் வைத்துச் செய்யும் உதவியா?

கடமைதான். 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. நேரம் தவறாமல் பள்ளிக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியவற்றோடு, பெற்றோரையும் பாதுகாவலரையும் முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம், பிள்ளை குறித்துத் தெரிந்த பிற தகவல்கள் ஆகியவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் அந்த வரிசையில் இருக்கிறது. அந்தப் பிரிவின் வாசகம் அரசுப் பள்ளி ஆசிரியர், தனியார் பள்ளி ஆசிரியர் என்று பிரித்துப் பேசவில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கிறித்தவ மிஷன் பள்ளிகள் அதிகம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு பரிசீலிப்பதற்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட பள்ளியில் பிள்ளை படித்தால், சட்டப் பிரிவின் எண்ணை எழுதி வாதாடுவதைவிட, பள்ளி தானே அச்சிட்டுக் கொடுத்த கையேட்டில் என்ன உறுதி சொல்லியிருக்கிறது என்பதைக் காட்டிக் கேட்பதே பலன் தரும்.

கேள்வி: கட்டணம் கட்டச் சொல்லும் செய்தி மட்டும் தேதி தவறாமல் வருகிறது. மற்றவை ஏன் வருவதில்லை?

கட்டணத்தைக் கேட்பதற்கென்று அலுவலகத்தில் ஓர் ஆள் இருக்கிறார். அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. யார் கட்டவில்லை என்பது அந்தப் பட்டியலில் தெரிகிறது. பிள்ளைக்கு மதியம் காய்ச்சல் வந்ததையோ, வாசிப்பில் பின்தங்கியிருப்பதையோ வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு எவர் பெயரிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. வகுப்பு மிஸ் அலுவலகம் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறார். அலுவலகம் மிஸ் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடுகிறது. மெத்தனம் என்று நாம் கோபப்படுவதில் பாதிக்கு மேல் இந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம். அதனால் பள்ளியில் பேசும்போது "ஏன் சொல்லவில்லை?" என்பதைவிட "இதைச் சொல்ல வேண்டியவர் யார்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: "சுற்றறிக்கை கொடுத்தோம், நீங்கள்தான் பார்க்கவில்லை" என்கிறார்கள். எங்கள் கைக்கு வரவே இல்லை. யார் சொல்வது பொய்?

இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வு நாள் ஒன்றில் பள்ளி மதியம் பன்னிரண்டரை மணிக்கே விட்டுவிட்டது. நாங்கள் ஏற்பாடு செய்திருந்த வேன் வழக்கம்போல் மூன்றரைக்குத்தான் வரும். இரண்டு மணி வாக்கில் வாசல் காவலர் என்னை அழைத்தார். அவர் வைத்திருந்த பழைய வருகைச் சீட்டு ஒன்றின் பின்புறம் என் எண் இருந்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது மகன் காவலரின் பிளாஸ்டிக் நாற்காலியில், சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, காலணி நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தான். கூடையில் இருந்த தயிர்சாதம் திறக்கப்படவே இல்லை. சாப்பாட்டு மணி அடிக்கவில்லையே என்றான்.

மறுநாள் சண்டை போடும் எண்ணத்தோடு போனேன். வகுப்பு மிஸ் ஒரு தாளைக் காட்டினார். மதியம் விடுமுறை என்ற சுற்றறிக்கையை முந்தைய நாள் வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் கொடுத்திருந்தார். மகன் முந்தைய நாள் காய்ச்சலால் பள்ளிக்குப் போகவில்லை. விடுப்பில் இருந்த பிள்ளைக்கு அந்தத் தாள் எப்படிப் போய்ச் சேரும் என்று எவரும் யோசிக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகள் விடுப்பு எடுத்தால் மறுநாள் காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, நேற்று ஏதாவது தாள் கொடுத்தார்களா என்பதுதான்.

பள்ளி தன் பக்கம் செய்யக்கூடியது மிக எளிது. சுற்றறிக்கையின் அடியில் பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும் துண்டு ஒன்றை வைத்து, மறுநாள் திரும்பி வந்தவற்றை எண்ணினால் போதும். நாற்பது பிள்ளைகளுக்கு முப்பத்தாறு துண்டு வந்தால், மீதி நான்கு வீட்டுக்குச் செய்தி போகவில்லை என்பது தெரிந்துவிடும். பணம் வசூலிக்கும் துண்டை எண்ணும் பள்ளிகள் இதை எண்ணுவதில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: மழை விடுமுறை எங்களுக்குப் பெரும் குழப்பமாக இருக்கிறது. எந்த அறிவிப்பை நம்புவது?

இந்த இரட்டை ஊர் வாழ்க்கையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விடை வீடு எங்கே இருக்கிறது என்பதில் இல்லை, பள்ளி எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். புதுச்சேரிப் பள்ளிகளுக்கு அறிவிப்பது புதுச்சேரி அரசு. இரண்டுக்கும் எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மேகம்தான் பெய்கிறது. விடுமுறை மட்டும் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் வராது. எங்கள் வீட்டில் ஒரு காலையில் மகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, மகன் மழைக்கோட்டுக்குள் அழுதுகொண்டே கிளம்பியிருக்கிறான்.

தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியில் "கடலூர்" என்று பார்த்த உடனே முடிவெடுக்காதீர்கள். முழு மாவட்டத்துக்கா, சில வட்டங்களுக்கு மட்டுமா, பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். ஆட்சியர் அலுவலகத்தின் அல்லது அரசுத் துறையின் சொந்த சமூக ஊடகக் கணக்கில் வருவதைப் பாருங்கள். முந்தைய ஆண்டின் அறிவிப்புப் படத்தைத் தேதியை மறைத்துச் சுற்றுக்கு விடுபவர்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் முளைப்பார்கள். படத்தில் தேதி இல்லையென்றால் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது, பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே மழை வலுத்துப் பாதியில் விட நேரும் நாட்கள். உண்மையில் ஆபத்தானவை இவைதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதற்குப் பின் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் இதே இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் கரையேறியது. அப்படிப்பட்ட பகுதியில் இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி, பிள்ளைகளைத் திடீரென்று விட வேண்டியிருந்தால் யாரை எந்த வரிசையில் அழைப்பது, பெற்றோர் வர முடியாத பிள்ளை யாருடன் எங்கே இருக்கும் என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே இதைக் கேட்டு வையுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

இதே குழப்பம் அரசு விடுமுறைகளிலும் உண்டு. நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் அங்கே விடுமுறை. 1962-இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தன. கடலூர்ப் பள்ளிகளுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. எல்லை தாண்டி வந்து பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சில நேரம் இதில் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: பிள்ளை விளையாடும்போது விழுந்து அடிபட்டிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எப்படிக் கேட்பது?

அன்றே கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள். மூன்று விவரங்கள் போதும். எத்தனை மணிக்கு நடந்தது, அப்போது உடன் இருந்த ஆசிரியர் யார், என்ன முதலுதவி செய்யப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளை சொல்லும் கதையில் நேரமும் ஆளும் மாறிவிடும். தலையில் அடிபட்டிருந்தால் இந்த விவரங்கள் மருத்துவருக்கே தேவைப்படும். விழுந்தது குற்றமில்லை, விழாத பிள்ளை ஏது? தலை, கண், பல் ஆகிய மூன்றில் எங்கே அடிபட்டாலும், காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும், உடனே தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதைப் பள்ளியோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் கொடுத்த எண்ணை நம்மில் பலர் மாற்றிவிட்டோம். எங்கள் மேலாண்மைக் குழுவில் ஒரு வகுப்பின் எண்களை மட்டும் வரிசையாக அழைத்துப் பார்த்தோம். வெளிநாடு போய்விட்ட அப்பாவின் எண், ரீசார்ஜ் செய்யாமல் நின்றுபோன எண், பழைய வீட்டு உரிமையாளரின் எண் என்று வந்துகொண்டே இருந்தன. இரண்டாவது எண்ணாகப் பகலில் வீட்டில் இருக்கும் ஒருவருடையதைக் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பாட்டியின் எண்ணாகத்தான் இருக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழு இருந்தும் ஏன் எதுவும் தெரிவதில்லை?

குழுவில் எல்லோரும் பேசினால் முக்கியமான செய்தி "நன்றி மிஸ்" என்ற ஐம்பது பதில்களுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிட்டால் அது தீரும். ஆனால் நாம் கேட்பதற்கு வழி இல்லாமல் போகும். அறிவிப்புக்கு ஒரு குழு, கேள்விகளுக்கு அலுவலக எண் ஒன்றும் அதற்கென்று குறிப்பிட்ட நேரமும் என்று பிரிப்பதே வேலைக்கு ஆகிறது. இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடம் என்ன என்று மிஸ்ஸின் சொந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் பதில் இல்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

எந்தக் குழுவிலும் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையோ, கட்டண பாக்கியையோ, அழும் படத்தையோ பொதுவில் போடுவதை ஏற்காதீர்கள். பாராட்டாகப் போட்டாலும் அப்படியே. அதே வகுப்பில் வேறொரு பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு தன் பிள்ளையை என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் பார்ப்பதில்லை.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளும் இருக்கின்றன. தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகும் அப்பாவின் கையில்தான் வீட்டின் ஒரே போன் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வாட்ஸ்அப் செய்தியும் வராத செய்தியும் ஒன்றே. வாசலில் ஒரு கரும்பலகை இன்னும் தேவைப்படுவது இதனால்தான்.

கேள்வி: சுற்றறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது. எங்களால் படிக்க முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்லர். ஆங்கில வழியில் பாடம் நடத்துவது வேறு. தமிழ் பேசும் வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு இந்தச் சிக்கல் அரசுப் பள்ளி வாசலுக்கும் வந்துவிட்டது. மகளின் டைரியில் ஒரு முறை நாளைக்கு வண்ணத்தாளும் பசையும் கொண்டுவரச் சொல்லி ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாட்டி அதைக் கட்டண அறிவிப்பு என்று நினைத்து இருநூறு ரூபாயை டைரிக்குள் மடித்து அனுப்பிவிட்டார். இதை மேலாண்மைக் குழுவில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சுற்றறிக்கையின் கீழ்ப்பாதியில் தமிழ் வந்தது. தமிழில் வேண்டும் என்று பத்துப் பெற்றோர் கையொப்பமிட்டுக் கேளுங்கள். தனியாகக் கேட்டால்தான் வெட்கம்.

கேள்வி: பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வேலையை விட்டுவிட்டுப் போனால் இரண்டு நிமிடத்தில் "நல்லாப் படிக்கிறான், கொஞ்சம் பேசுறான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன கேட்பது?

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போய், "இந்தப் பக்கத்தை அவனாக வாசிக்கிறானா?" என்று கேளுங்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல் தெரிகிறதா, வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறான், மதிய உணவை முடிக்கிறானா என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குப் பொதுவான பதில் சொல்வது கடினம். வரும் பதிலைப் பிள்ளையின் எதிரில் பேசாதீர்கள்.

கூட்டத்தின் நேரத்தையும் மாற்றக் கேட்கலாம். சிப்காட் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் நாள் கூலிக்குப் போகிறவருக்கும் காலை பதினொரு மணிக் கூட்டம் ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். மாலை ஐந்து மணிக்கு வைத்தால் ஆசிரியருக்குக் கஷ்டம்தான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது வைக்கலாம்.

கேள்வி: கேள்வி கேட்டால் மிஸ் பிள்ளையிடம் அதைக் காட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம்தான் பாதிப் பெற்றோரின் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் "உங்க அம்மாதானே கம்ப்ளெயின்ட் பண்ணாங்க" என்று ஒரு பிள்ளையைக் குத்திக் காட்டுவது, என் புரிதலில், அந்தத் தடைக்குள்தான் வரும். நடைமுறையில் அதைத் தவிர்க்க ஒரு வழி, தனி ஆளாகப் போகாமல் மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து பொதுவான கேள்வியாக எழுப்புவது. பெரும்பாலான ஆசிரியர்கள் அப்படிப் பழிவாங்குபவர்கள் அல்லர் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: "பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க" என்கிறார்களே?

சேர்ந்த பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே இது மிரட்டல், அவ்வளவுதான். மறுவார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்து, யார், எந்தத் தேதியில், எந்த வார்த்தையில் சொன்னார் என்பதை எழுதி வையுங்கள்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழு என்பது என்ன? எல்லாப் பள்ளியிலும் உண்டா?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு இருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் அது ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இது கிடையாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருந்தால் உண்டு. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும் என்றும், கூட்டக் குறிப்பைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

தாளில் உள்ளது இது. என் முதல் கூட்டத்தில், முன்பே எழுதி முடித்த பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது கூட்டத்தில், நான் சொல்வதையும் எழுதிவிட்டுத்தான் கையொப்பமிடுவேன் என்றேன். தலைமையாசிரியர் கோபப்படவில்லை, அவருக்கே அது ஆறுதலாக இருந்தது என்று பின்னால் சொன்னார். கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதை அவர் எழுதினால் வெறும் கோரிக்கையாகப் போகும். நாங்கள் தீர்மானமாக எழுதினால் மேலிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஆசிரியர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

நிறைய இருக்கிறது. சட்டத்தின் அட்டவணையின்படி அறுபது பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள்; அவர்களில் ஒருவரே பெரும்பாலும் தலைமையாசிரியராகவும் இருப்பார். தமிழ்நாட்டில் எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் இணையத் தளத்தில் வருகைப் பதிவு, பிள்ளைகளின் விவரப் பதிவு என்று கைப்பேசியில் செய்து முடிக்க வேண்டியவை தனி. பாடத் தயாரிப்பையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்று அதே அட்டவணை சொல்கிறது; பெற்றோரோடு பேசுவதற்கென்று அதில் தனி நேரம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. தனியார் பள்ளி மிஸ்ஸின் சம்பளத்தைக் கேட்டால் நாமே அவரிடம் குரலை உயர்த்த மாட்டோம். அதனால் கோபத்தைச் சரியான மேசையில் வைக்க வேண்டும். வகுப்பறையில் நிற்பவரைவிட நிர்வாகத்தில் அமர்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டியவை அதிகம்.

கேள்வி: கடிதம் எப்படி எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள். உணர்ச்சியைக் குறைத்து, தேதியைக் கூட்டுங்கள். நான் எழுதிய கடிதம் ஒன்றின் வாசகம் இது:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குச் சென்ற வியாழக்கிழமை மதிய விடுமுறை பற்றிய சுற்றறிக்கை, அதற்கு முந்தைய நாள் அவன் விடுப்பில் இருந்ததால் கிடைக்கவில்லை. அவன் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை வாசலில் காத்திருந்தான். விடுப்பில் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு இத்தகைய செய்தியை யார், எவ்வழியில் தெரிவிப்பார் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்."

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புதல் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பதிலே வராவிட்டால் யாரிடம் போவது?

கடலூர் மாவட்டத்தில் அரசுத் தொடக்கப்பள்ளிக்கு முதலில் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கொடுத்ததற்கான ரசீதை மறக்காமல் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் உண்டு. புதுச்சேரியில் பள்ளிக் கல்வி இயக்ககத்துக்கு எழுத வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி எழுத்துப்பூர்வமான புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மேலாண்மைக் குழுக் கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்பது நல்ல தொடக்கம். இரண்டாவது மேல்முறையீடு கடலூர்க்காரருக்குச் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கும், புதுச்சேரிக்காரருக்கு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் போகும். உதவி பெறாத தனியார் பள்ளியிடம் நேரடியாகக் கேட்க முடியாது. அந்தப் பள்ளி கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கும் ஆவணங்களை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம்.

கேள்வி: இவ்வளவும் செய்து உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் ஏதாவது மாறியதா?

மகனின் பள்ளி என் கடிதத்துக்கு இன்றுவரை எழுத்தில் பதில் தரவில்லை. ஆனால் சுற்றறிக்கை கொடுக்கும் நாளில் வராத பிள்ளைகளின் பெயரை அலுவலக உதவியாளர் ஒரு நோட்டில் எழுதி, மாலையில் அந்த வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். சென்ற மாதம் எங்களுக்கும் அழைப்பு வந்தது. மகளின் பள்ளி வாசலில் கரும்பலகை வைத்திருக்கிறோம். மழைச்சாரல் படாமல் இருக்க மேலே ஒரு தகரத் துண்டு அடித்தது வாசலில் இட்லிக் கடை போடும் அக்கா. பலகையில் எழுதும் பொறுப்பு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. தேதியை மட்டும் மாற்ற மறந்துவிடுகிறார்கள். அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.